கீட்டோ குக்கீயா, ஒரு கை பாதாமா?

கீட்டோ, பேலியோ மாதிரியான குறைமாவு உணவுமுறைக்கு, அதாவது மாவுச்சத்தை (கார்ப்) வெகுவாகக் குறைத்துச் சாப்பிடும் முறைக்கு மாறுகிறவர்கள் இட்லியையும் சோற்றையும் விடுவதற்கு மனதைத் தயார் செய்துகொண்டுதான் வருகிறார்கள். மாலை நாலு மணி டீயோடு வரும் பிஸ்கட்டுக்கு யாரும் தயாராவதில்லை. பெரும்பாலும் டயட் உடைவது அங்கேதான். சூப்பர்மார்க்கெட்டில் கீட்டோ குக்கீ, சுகர் ஃப்ரீ சாக்லேட், லோ கார்ப் பார் என்று தனி அலமாரியே வந்திருப்பது இந்த நாலு மணியை நம்பித்தான். எதிர்ப்பக்கம் இருப்பது தமிழ்நாட்டுப் பேலியோக்காரர்களுக்கு மனப்பாடமான பட்டியல்: ஊறவைத்து வறுத்த பாதாம், தேங்காய்க் கீற்று, அவித்த முட்டை, பனீர். இரண்டையும் மாற்றி மாற்றிச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு நான் பாதாம் பக்கம் வந்து சேர்ந்தேன்.

தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். ருசி என்றால் குக்கீதான். கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பவும் அதுதான் சுலபம். விலையில் பாதாம் மலிவில்லைதான். ஆனாலும் 100 கிராமுக்கு என்ன விலை என்று கணக்குப் போட்டால், நான் பார்த்த கீட்டோ குக்கீ எதுவும் அதைவிட மலிவாக இல்லை. இந்த மூன்றும் அவரவர் வசதி. என் முடிவை இவை தீர்மானிக்கவில்லை. தீர்மானித்தது பாக்கெட்டின் முகப்பில் பெரிதாக அச்சடித்திருக்கும் ஓர் எண்: ‘நெட் கார்ப் 3 கிராம்’.

அந்த எண் எப்படி வருகிறது? மொத்த கார்பிலிருந்து நார்ச்சத்தைக் கழிக்கிறார்கள், பிறகு இனிப்புக்காகச் சேர்க்கும், பாலியால் எனப்படும் சர்க்கரை ஆல்கஹால்களையும் (பெயரில்தான் ஆல்கஹால், மது இல்லை) கழிக்கிறார்கள். மிச்சம்தான் முகப்புக்கு வருகிறது. இதற்குச் சட்டப்படி ஒரு வரையறை கிடையாது. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இப்படி ஒரு கணக்கை வரையறுக்கவே இல்லை. நம்மூர் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ லேபிளில் கட்டாயமாகக் கேட்பதும் மொத்த கார்ப், மொத்த சர்க்கரை, சேர்த்த சர்க்கரை ஆகியவற்றைத்தான். ஆக, எதை எவ்வளவு கழிக்கலாம் என்பது தயாரிப்பவர் கையில் இருக்கிறது.

நார்ச்சத்தைக் கழிப்பதில் பெரிய தவறில்லை, அது உண்மையான நாராக இருந்தால். சிக்கல் பாலியாலில்தான். எரித்ரிடாலும் மால்டிடாலும் ஒரே குடும்பம் என்றாலும் உடம்புக்குள் நடந்துகொள்வது வேறு வேறு. எரித்ரிடால் சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு, பெரும்பகுதி மாறாமல் சிறுநீரில் போய்விடுகிறது. ரத்தச் சர்க்கரையை அது ஏற்றுவதில்லை. மால்டிடால் அப்படியில்லை. அதில் ஒரு பகுதி செரித்து குளுக்கோஸாகிறது. ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று காட்டும் கிளைசீமிக் குறியீடு சர்க்கரைக்குச் சுமார் 65 என்றால் மால்டிடால் தூளுக்கு சுமார் 35, மால்டிடால் சிரப்புக்கு 50-ஐத் தாண்டும். கிராமுக்கு 2 கலோரிக்குக் கொஞ்சம் மேலே தருகிறது, அதாவது சர்க்கரையில் பாதிக்கு மேல். சாக்லேட் செய்கிறவர்களுக்கு மால்டிடால் மேல் பிரியம் வரக் காரணம் உண்டு. அது சர்க்கரை மாதிரியே உருகும், இனிப்பும் கிட்டத்தட்ட அதே அளவு, எரித்ரிடால் போல நாக்கில் சில்லென்று தனியாகத் தெரியாது.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு 40 கிராம் பார். மொத்த கார்ப் 22, நார் 5, மால்டிடால் 14 என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் கழித்தால் 3, அதுதான் முகப்பில் இருக்கும். நீரிழிவுக்காரர்களுக்கு கார்ப் எண்ணச் சொல்லிக்கொடுப்பவர்கள் பொதுவாகப் பாலியாலில் பாதியை மட்டும் கழிக்கச் சொல்வார்கள். அப்படிப் போட்டால் அதே பார் 10 கிராம். டீக்கு ஒன்று, இரவு ஒன்று என்று சாப்பிட்டால் நம் மனக்கணக்கில் 6, உடம்பின் கணக்கில் 20. நாள் முழுவதற்கும் 20 கிராம் என்று கடுமையாக வைத்திருப்பவருக்கு இந்த இரண்டு பாரே அந்த நாளை முடித்துவிடும். முட்டையும் கீரையும் கறியும் சரியாகத்தானே சாப்பிடுகிறோம், எடை ஏன் அசையவில்லை என்று குழம்புபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது என்பது என் எண்ணம்.

நார்ச்சத்திலும் இதே கதை உண்டு. ஐசோமால்டோ ஒலிகோசாக்கரைடு என்ற பொருளைப் பல புரோட்டீன் பார்களில் நாராகக் கணக்குக் காட்டினார்கள். அதில் கணிசமான பங்கு சிறுகுடலிலேயே செரித்துவிடுகிறது. எஃப்டிஏ 2016-ல் நார்ச்சத்துக்கு வரையறை வகுத்த பிறகு அங்கீகரித்த நார்களின் பட்டியலில் இதற்கு இடம் கிடைக்கவில்லை. நார் 15 கிராம் என்று ஒரு சின்ன பார் சொன்னால், அது எங்கிருந்து வருகிறது என்று பொருள் பட்டியலில் தேடுங்கள்.

அந்தப் பட்டியலைப் படிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. பாக்கெட்டைத் திருப்புங்கள். பொருட்கள் எடைக்கணக்கில் இறங்குவரிசையில் இருக்கும். முதல் மூன்று பெயர்களே பெரும்பாலும் போதும். இனிப்பூட்டியை எண்ணாகப் போட்டிருப்பார்கள். 965 என்றால் மால்டிடால், 968 என்றால் எரித்ரிடால், 967 சைலிடால், 955 சுக்ரலோஸ், 960 ஸ்டீவியா. பாலியால் வயிற்றை இளக்கலாம் என்ற எச்சரிக்கை வரி இருந்தால் அதையும் கவனியுங்கள். பொருளில் 10 சதவீதமோ அதற்கு மேலோ பாலியால் இருந்தால் அந்த வரியைப் போட்டாக வேண்டும். அரை ஸ்லாப் சுகர் ஃப்ரீ சாக்லேட்டுக்குப் பிறகு வயிறு உப்பிக் கடமுடவென்று சத்தம் போடுவதற்கு விளக்கம் அந்தச் சின்ன எழுத்தில்தான் இருக்கிறது.

நம்மூரில் இன்னொரு பொறியும் உண்டு. கீட்டோ அலமாரிக்குப் பக்கத்திலேயே ராகி குக்கீ, கம்பு பிஸ்கட், பேரீச்சம்பழ லட்டு எல்லாம் ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று இருக்கும். ராகியும் கம்பும் நல்ல தானியங்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் 100 கிராமில் 60 கிராமுக்கு மேல் கார்ப். பேரீச்சையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். குறைமாவில் இருப்பவருக்கு இவை சாதாரண பிஸ்கட்டிலிருந்து ரொம்ப தூரத்தில் இல்லை. ஸ்வீட் ஸ்டாலில் எடைபோட்டுத் தரும் சுகர் ஃப்ரீ மைசூர்பாகு இன்னும் சிக்கல். கடலை மாவு அப்படியே இருக்கிறது, சர்க்கரைக்குப் பதில் என்ன போட்டார்கள் என்று பார்ப்பதற்கு லேபிளும் இல்லை.

இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லாததுதான் பாதாமின் பெரிய பலம். 100 கிராமில் கார்ப் சுமார் 21, அதில் நார் மட்டும் 12. யாரும் தொழிற்சாலையில் கலந்த நார் இல்லை அது. தேங்காயில் கார்ப் 15, அதில் நார் 9. முட்டையில் கார்ப் அரை கிராம்தான். வீட்டில் குளுக்கோமீட்டர் இருப்பதால் இரண்டையும் விரலில் குத்திப் பார்த்திருக்கிறேன். மால்டிடால் சாக்லேட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்து எண் தெளிவாக ஏறியது. பாதாமுக்கு அசைவு மிகக் குறைவு. இது ஒரே ஓர் உடம்பின் கதை. உங்களுக்கு எப்படி என்பதை உங்கள் மீட்டர்தான் சொல்ல வேண்டும்.

பாதாமை நான் செய்யும் விதம் இதுதான். இரவு ஊறவைத்து, காலையில் நீரை வடித்துத் துணியில் பரப்பி, ஈரம் முழுக்கப் போன பிறகு கொஞ்சம் நெய்யில் சின்னத் தீயில் வறுப்பது. அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் தோல் கருகும், உள்ளே மெத்தென்றே இருக்கும். ஒன்றை எடுத்து ஆறவைத்துக் கடித்தால் படக்கென்று உடைய வேண்டும். உப்பும் மிளகுத்தூளும் சூட்டிலேயே தூவிவிட வேண்டும், ஆறினால் ஒட்டாது. தோலோடு அப்படி வறுத்த பாதாம் டீக்கு பிஸ்கட்டின் இடத்தை நிஜமாகவே பிடிக்கிறது. கடிக்க நேரம் எடுப்பதால் ஒரு கை அளவில் நிறுத்தவும் முடிகிறது. குக்கீயில் எனக்கு அந்த நிறுத்தம் வரவில்லை. இனிப்பு நாக்கில் பட்டதும் அடுத்ததைக் கை தேடியது. டயட்டில் சில வாரத்தில் இனிப்பு ஆசை தானாக அடங்கும் என்பார்கள். இனிப்பூட்டி போட்ட தீனியை விட்ட பிறகுதான் எனக்கு அது அடங்கியது. எல்லோருக்கும் இப்படித்தான் என்று சொல்லமாட்டேன்.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 2019-ல் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருந்தும் என்று நினைக்கிறேன். 20 பேருக்கு இரண்டு வாரம் தொழிற்சாலை உணவு, இரண்டு வாரம் எளிதாகச் சமைத்த உணவு. பரிமாறியதில் கார்ப், சர்க்கரை, கொழுப்பு, நார் எல்லாம் இரண்டிலும் ஒத்திருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். தொழிற்சாலை உணவில் அதே ஆட்கள் நாளுக்கு சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். எடையும் கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறியது. அவர்கள் சாப்பிட்டது கீட்டோ குக்கீ இல்லை, அதனால் இதை நேரடிச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் சத்து அட்டவணை ஒன்றாக இருந்தும் சாப்பிடும் அளவு மாறுகிறது என்பது கவனிக்க வேண்டிய சேதி.

பாதாமுக்கும் குறை உண்டு. தமிழ்ப் பேலியோவில் பிரபலமான 100 பாதாம் என்பது காலை உணவுக்குப் பதிலாகச் சாப்பிடுவது. 700 கலோரி வரும். மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் அதையும் கொறித்தால் எடை நிற்கத்தான் செய்யும். சிறுநீரகக் கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் என்ற பொருள் இதில் அதிகம் என்பதால் சிறுநீரகக் கல் வந்தவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பாதாம் கட்டுப்படியாகாதவர்களுக்கு வேர்க்கடலையைச் சொல்வேன். பயறு வகை என்பதால் பேலியோவில் கண்டிப்பானவர்கள் அதைச் சேர்ப்பதில்லை. 100 கிராமில் கார்ப் 16, நார் 8 என்ற கணக்கில் எனக்கு ஆட்சேபம் இல்லை. முந்திரி மட்டும் வேண்டாம். அதில் கார்ப் 30 கிராம், நார் 3 தான். இன்சுலினோ சுகர் மாத்திரையோ எடுப்பவர்கள் எந்தப் பக்கம் போனாலும் கார்பைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் அளவைப் பேசிவிட வேண்டும், சர்க்கரை தாழ்ந்துபோகும் ஆபத்து உண்டு.

பாதாம் மாவும் எரித்ரிடாலும் போட்டு வீட்டிலேயே குக்கீ செய்வது நடுவழி. அதில் எனக்கு அனுபவம் குறைவு, பிறந்தநாள் மாதிரி நாட்களுக்கு மட்டும் செய்திருக்கிறேன். ரத்தத்தில் எரித்ரிடால் அதிகம் இருப்பவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாத அபாயம் கூடுதலாக இருந்தது என்று 2023-ல் ஓர் ஆய்வு வந்தது. அது தொடர்பைத்தான் காட்டியது, காரணத்தை நிரூபிக்கவில்லை. அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் எடைக்கட்டுப்பாட்டுக்கு சுக்ரலோஸ், ஸ்டீவியா போன்ற சர்க்கரையல்லாத இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்றது. பாலியால்கள் அந்தப் பரிந்துரைக்குள் வரவில்லை. எப்போதாவது செய்வதில் பயமில்லை, தினப்படிக்கு வேண்டாம் என்பதே என் நிலை.

பாக்கெட்டே வாங்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. இனிப்பு இல்லாமல் முடியாத நாளில் நான் எடுப்பது 85 சதவீத டார்க் சாக்லேட். அதில் 100 கிராமுக்கு 15 கிராம் அளவில் நிஜ சர்க்கரையே இருக்கிறது, லேபிளிலும் அப்படியே போட்டிருக்கிறார்கள். தலா 10 கிராம் வரும் இரண்டு சதுரத்துக்கு 3 கிராம் சர்க்கரை. கோகோவின் மாவுச்சத்தையும் சேர்த்து எண்ணிக்கொள்கிறேன். நீண்ட ரயில் பயணத்தில் அவித்த முட்டை மணக்கும், தேங்காய் கெட்டுப்போகும். அப்போது பாதாம் டப்பாவோடு இந்த இரண்டு சதுரம்தான் என் பையில் இருக்கும்.