தமிழ்99 விசைப்பலகை: தத்தனேரியை அடித்துப் பார்த்தால் தெரியும்

மதுரையைச் சுற்றி இணையத்தில் தன்னந்தனியாக எழுதிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். கீழக்குயில்குடி சமணர் மலையின் வட்டெழுத்து ஒருவருக்கு, பாலமேட்டு வாடிவாசல் ஒருவருக்கு, அரிட்டாபட்டி மலையில் கூடு கட்டும் வல்லூறு இன்னொருவருக்கு. இவர்களுக்குத் தட்டச்சர் கிடையாது, மெய்ப்புத் திருத்துபவர் கிடையாது. எல்லாம் அவர்கள் கையில்தான். அதனால் எந்த விசைப்பலகையில் அடிக்கிறார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை. தினமும் இரண்டு பக்கம் எழுதுகிறவர் தமிழ்99-க்கு மாறலாமா? மாறலாம். மாறத்தான் வேண்டும். ஆனால் நான்கைந்து இடங்களில் அது காலை வாரும்; அவற்றை முன்கூட்டியே தெரிந்துகொண்டு மாறுவது நல்லது.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற அமைப்பு இது. உயிரெழுத்துகள் எல்லாம் இடக்கைப் பக்கம், மெய்களில் பெரும்பாலானவை வலக்கைப் பக்கம். நடுவரிசையில் இடது விரல்களுக்கு அடியில் அ, இ, உ, புள்ளி, எ. வலது விரல்களுக்கு அடியில் க, ப, ம, த, ந, ய. மேல்வரிசையில் இடது ஓரம் தொடங்கி ஆ, ஈ, ஊ, ஐ, ஏ என்று நெடில்கள். தமிழில் மெய்யும் உயிரும் மாறி மாறி வருவதால் கைகளும் மாறி மாறி இயங்கும். மணிக்கணக்கில் அடிக்கும்போது மணிக்கட்டுக்கு அந்த அருமை புரியும்.

வேகத்துக்குக் காரணம் தானாக விழும் புள்ளி. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி விழுந்துவிடும்: க, க என்றால் க்க. மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அப்படியே: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. மாட்டுத்தாவணியை எடுத்துக்கொள்வோம். ம, ஆ, ட, ட, உ, த, த, ஆ, வ, ண, இ. மொத்தம் 11 தட்டு. புள்ளி விசையைத் தொடவே இல்லை. அதையே ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து அடித்தால் 16 தட்டு, ண-வுக்கு ஷிஃப்ட் தனி. திருப்பரங்குன்றம் 14 தட்டு. புள்ளி கடைசி ம்-முக்கு மட்டும்.

இதே வசதிதான் புதிதாகப் பழகுகிறவரைத் திணறவும் வைக்கும். மதுரையின் தத்தனேரி என்ற ஊர்ப்பெயரில் மூன்று த வரிசையாக வருகிறது. அப்படியே அடித்தால் முதல் த-வுக்கே புள்ளி விழுந்து 'த்ததனேரி' ஆகிவிடும். முதல் த-வை அடித்ததும் ஒரு அ தட்ட வேண்டும்: த, அ, த, த, ன, ஏ, ர, இ. அந்த அ திரையில் தோன்றாது. 'இந்த எழுத்து முடிந்தது' என்று சொல்லும் வேலியாக நிற்கும். மேலூர் தும்பைப்பட்டியில் பிறந்த கக்கனின் பெயருக்கும், நந்தவனத்துக்கும், பப்பாளிக்கும் இதே வழிதான். இவற்றையெல்லாம் விட அதிகம் தடுக்கி விழ வைப்பது 'கிராமப்புறம்'. ம-வை அடுத்து ப வந்ததும் ம்ப ஆகி, கிராமம் கிராம்பாகிவிடும். ம-வுக்குப் பின் அ தட்டினால் தீர்ந்தது. விதிகளை மனப்பாடம் செய்வதை விட இந்த ஐந்து சொற்களையும் ஒரு தாளில் எழுதி நாலு நாள் அடித்துப் பழகினால் போதும்.

கல்வெட்டு எழுதுகிறவர்களுக்கு இந்த அமைப்பு பெரிய உதவி. மாங்குளத்தில் தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் உள்ள கல்வெட்டில் வரும் 'தம்மம் இத்தாஅ நெடுஞ்சழியன்' என்ற தொடரைப் பாருங்கள். இத்தாஅ என்பதற்கு இ, த, த, ஆ, அ என்று நேராக அடிக்கலாம். உயிர்மெய் முடிந்தபின் வரும் உயிர் தனியெழுத்தாகவே நிற்கும். 'பணஅன்' போன்ற இடங்களில் மட்டும் ண-வுக்குப் பின் அ-வை இருமுறை தட்ட வேண்டும். முதல் அ வேலியாகப் போய்விடும், இரண்டாவதுதான் திரையில் விழும். அளபெடை வரும் செய்யுளுக்கும் இதுவே முறை. கைபேசியில் அடிப்பதானால் சொல் பரிந்துரையையும் தானியங்கித் திருத்தத்தையும் முதலில் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய எழுத்தமைப்பை அது இன்றைய தமிழுக்குத் திருத்திவிடும்; வாசகர் அதையே மேற்கோள் காட்டிவிடுவார்.

குறை என்று முதலில் சொல்ல வேண்டியது நிறுத்தக்குறிகளை. சதுர அடைப்புக்குறி, அரைப்புள்ளி, ஒற்றை மேற்கோள், சாய்கோடு இருந்த இடங்களில் இப்போது ச, ஞ, ந, ய, ழ உட்கார்ந்திருக்கின்றன. குறிகள் ஷிஃப்டுக்கு மேலே போய்விட்டன, அதுவும் மென்பொருளுக்கு மென்பொருள் இடம் மாறும். ஜ, ஷ, ஸ, ஹ-வும் ஷிஃப்டில்தான். ஜல்லிக்கட்டு, ஜிகர்தண்டா என்று நாள் முழுக்க எழுதுகிறவருக்கு இது உறுத்தும். தமிழிலேயே விட்டுவிட்டுக் கடவுச்சொல் அடித்து, கணக்கு பூட்டிக்கொள்வதும் வழக்கமான விபத்து.

எதில் அடிப்பது? விண்டோஸில் என்எச்எம் ரைட்டர், எ-கலப்பை, அழகி மூன்றிலும் உண்டு. மேக், ஐபோனில் உள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் செல்லினம். லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாக. இவற்றுக்குப் பணம் எதுவும் இல்லை. பெயர் தமிழ்99 என்று இருப்பதை மட்டும் நம்பிவிடாமல், நிறுவியதும் க-வை இருமுறை தட்டிப் பாருங்கள். க்க வந்தால் சரி. 'கக' வந்தால் அதில் எழுத்தின் இடம் மட்டும்தான் தமிழ்99, விதிகள் இல்லை. வேறு மென்பொருளுக்குப் போங்கள். விசைகளில் ஒட்டும் ஸ்டிக்கர் வேண்டாம். கண் கீழேயே நிற்கும். வரைபடத்தை அச்செடுத்துத் திரைக்கு மேலே ஒட்டினால் ஒரு வாரம் எரிச்சல், இரண்டாவது வாரம் பழக்கம்.

குரலில் சொல்லி எழுத வைப்பது இதற்கு மாற்றா என்றால், இல்லை. வெயிலில் மலை ஏறும்போது குறிப்பு எடுக்க அது நல்ல துணை. கட்டுரைக்கு உதவாது. சந்தியில் ஒற்று விடுபடும், ரகர றகரமும் னகர ணகரமும் இடம் மாறும். 'அவிய்ங்க அங்கிட்டு வந்தாய்ங்க' என்று அலங்காநல்லூர்க்காரர் சொன்னதை அப்படியே வாங்கிக்கொள்ளத் தடுமாறும், பெரும்பாலும் வேறு சொல்லாக்கும். பேச்சை அதன் மணத்தோடு பதிவு செய்கிறவர் விரலைத்தான் நம்ப வேண்டும்.

பழைய எழுத்துருவில் பத்து, பதினைந்து ஆண்டாகச் சேர்த்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். அந்த எழுத்துருக்களில் ரி, ர் எழுதத் துணைக்காலையே (ா) ரகரமாகப் பயன்படுத்தும் பழக்கம் இருந்தது. மாற்றியபின் 'அாிட்டாபட்டி', 'மதுரையாா்' என்று நிற்கும். பார்வைக்கு வித்தியாசம் மயிரிழைதான். ஆனால் ஒருவர் 'அரிட்டாபட்டி' என்று தேடினால் அந்தக் கட்டுரை அகப்படாமலே போகலாம். கோப்பை ஒரு நகல் எடுத்துக்கொண்டு, 'ாி' என்பதை 'ரி' ஆகவும், 'ாீ' என்பதை 'ரீ' ஆகவும், 'ா்' என்பதை 'ர்' ஆகவும் மொத்தமாக மாற்றிவிடலாம். முறையான தமிழில் துணைக்காலை அடுத்து இ, ஈ விலங்கோ புள்ளியோ வராது என்பதால் இதில் ஆபத்து இல்லை.

ஔ மட்டும் அப்படி இல்லை. பலர் ஒ, ள இரண்டையும் சேர்த்து 'ஒளவை' என்றும் 'கெளதமன்' என்றும் அடித்திருப்பார்கள். இவற்றை மொத்தமாக மாற்றினால் 'ஒளி'யும் 'கெளுத்தி மீனும்' கெட்டுப்போகும். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் திருத்த வேண்டும். தமிழ்99-இல் ஔ-வுக்குக் கீழ்வரிசையின் இடது முனையில் தனி விசை இருக்கிறது. க-வுக்குப் பின் அதைத் தட்டினால் கௌ ஒரே எழுத்தாக வந்துவிடும்.