எக்ஸ் பட்டன் எந்தப் பக்கம்?

பிசியில் விளையாட ஒரு கன்ட்ரோலர் தேவைப்பட்டது. கையில் ஏற்கெனவே நின்டென்டோவின் ஸ்விட்ச் ப்ரோ கன்ட்ரோலர் இருந்தது, கொஞ்ச நாள் நண்பனின் டூயல்சென்ஸை, அதாவது பிளேஸ்டேஷன் 5 கன்ட்ரோலரை, இரவல் வாங்கி ஆடினேன், கடைசியில் காசு கொடுத்து வாங்கியது எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரைத்தான். பிடிமானம், எடை, இடது ஸ்டிக் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதெல்லாம் இரண்டு நாளில் கைக்குப் பழகிவிடும். பழகாதது வலது கட்டைவிரலுக்கான அந்த நாலு பட்டன்கள். அதிலும் எக்ஸ்.

எக்ஸ்பாக்ஸில் எக்ஸ் இடது பக்கம். நின்டென்டோவில் அதே எக்ஸ் மேலே. பிளேஸ்டேஷனில் எழுத்தே கிடையாது, ஆனால் கீழே இருக்கும் பெருக்கல் குறியைப் பாதிப் பேர் எக்ஸ் என்றுதான் சொல்கிறோம். ஆக ஒரே பெயர், மூன்று இடம். திரையில் எக்ஸ் என்று ஒரு நொடி மின்னி மறையும்போது யோசிக்க நேரம் ஏது? ஸ்விட்ச் ப்ரோவோடு ஆடிய என் கட்டைவிரல் நேராக மேலே போனது, அடிக்க வேண்டிய நேரத்தில் ஆயுதத்தை மாற்றியது, கட்டத்தின் பெரிய வில்லனான பாஸ் என்னை முடித்துவிட்டான். இது ஒரு தடவை இல்லை.

இந்தக் குழப்பம் பழையது. நின்டென்டோவின் 1983 கேம் கருவியான ஃபேமிகாமில் பி இடது, ஏ வலது. 1990இல் சூப்பர் ஃபேமிகாம் அந்த வரிசையைக் கலைக்காமல் எக்ஸ், ஒய் இரண்டையும் சேர்த்து நாலையும் வைர வடிவில் அடுக்கியது, அதனால் ஏ வலப்பக்கமே நின்றுவிட்டது. 1998இல் சேகாவின் ட்ரீம்காஸ்ட் ஏ-வைக் கீழே கொண்டுவந்தது, 2001இல் எக்ஸ்பாக்ஸும் அதே அடுக்கு. பிளேஸ்டேஷன் கதை இன்னும் வேடிக்கை: ஜப்பானில் வட்டம் என்றால் சரி, பெருக்கல் என்றால் வேண்டாம், மேற்கத்திய கேம்களில் பெரும்பாலும் தலைகீழ். 2020இல் பிஎஸ்5 வந்தபோதுதான் ஜப்பானிலும் பெருக்கலே சரி என்று ஆனது. அத்தனை வருடம் வட்டத்தை அழுத்திப் பழகிய விரல்கள் என்ன பாடுபட்டிருக்கும்!

பிசியில் ஏன் எக்ஸ்பாக்ஸ் என்றால், விண்டோஸ் கேம்கள் கன்ட்ரோலரைப் புரிந்துகொள்ளும் எக்ஸ்இன்புட் முறையே எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலரை வைத்துச் செய்ததுதான். அதனால் நிறைய கேம்கள், முக்கியமாகப் பழையவையும் சின்னக் குழுக்கள் செய்தவையும், எது செருகியிருந்தாலும் எக்ஸ்பாக்ஸ் எழுத்துகளையே காட்டும். பிசி கேம்களை வாங்கி ஆடும் ஸ்டீமில் நின்டென்டோ அடுக்குக்கு மாற்ற வசதி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நானும் போட்டுப் பார்த்தேன். எழுத்து பொருந்தியது, இடம் போய்விட்டது: கீழே இருக்க வேண்டிய குதிக்கும் பட்டன் வலப்பக்கம், இடப்பக்கம் இருக்க வேண்டிய அடி மேலே. இடத்தைப் பிடித்தால் எழுத்து போகும், எழுத்தைப் பிடித்தால் இடம் போகும்.

டூயல்சென்ஸ் அவ்வளவு மோசமில்லை. அதன் குறிகளை நேரடியாகக் காட்டும் பிசி கேம்களும் நிறைய வந்துவிட்டன, அதிர்வு மற்ற இரண்டையும் விட அருமை. எழுத்து மட்டும் காட்டும் கேமில்தான் ஒய் என்றால் முக்கோணம் என்று மனதுக்குள் வாய்ப்பாடு ஒப்பிக்க வேண்டும். ஸ்விட்ச் ப்ரோவுக்கு இன்னொரு குறை, ஆள்காட்டி விரலால் அழுத்தும் அதன் ட்ரிக்கர்கள் அழுத்தத்தின் அளவை உணராது, கார் பந்தயத்தில் முழு வேகம் அல்லது ஒன்றுமில்லை. சண்டை கேம்கள் நான் அதிகம் ஆடியதில்லை, ஆகவே எந்த டி-பேட் (நாலு திசைப் பட்டன்) உசத்தி என்ற பஞ்சாயத்துக்கு வரமாட்டேன்.

அப்புறம் ஸ்விட்சில் என்ன செய்கிறேன் என்றால், 2020இல் அப்டேட்டில் வந்த பட்டன் மாற்றும் வசதியை வைத்து ஏ-வையும் பி-யையும் இடம் மாற்றிவிட்டேன். கேமுக்கு அது தெரியாது, திரை பழையபடியே ஏ என்கிறது, நான் பி என்று பொறித்த பட்டனை அழுத்துகிறேன். எனக்கு ஓடுகிறது. வீட்டுக்கு வந்து அதைக் கையில் எடுத்த நண்பன்தான் மெனுவை விட்டு வெளியே வர முடியாமல் ஐந்து நிமிடம் திட்டிக்கொண்டிருந்தான்.