மிஷனரிகளின் பிள்ளைகளை எங்கே படிக்க வைப்பது? சீனாவில் இருந்த மூன்று வழிகள்

ஊழியத்துக்காக வெளிநாடு போகும் குடும்பம் அந்த ஊரின் மொழியையும் சாப்பாட்டையும் சில ஆண்டுகளில் எப்படியோ பழகிக்கொண்டுவிடும்; மூத்த பிள்ளைக்குப் பள்ளி வயது வரும்போதுதான் உண்மையான சிக்கல் தொடங்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இரண்டாம் உலகப் போர் வரை சீனாவில் பணியாற்றிய பிரிட்டிஷ், அமெரிக்கக் குடும்பங்கள் பிள்ளையைத் தாய்நாட்டுக்கு அனுப்பின, அல்லது சீனாவிலேயே மிஷன் நடத்திய விடுதிப் பள்ளியில் சேர்த்தன, அல்லது வீட்டில் வைத்துக் கற்பித்தன. படிப்பின் தரத்தை வைத்தே இவற்றைப் பலரும் எடைபோடுகிறார்கள். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே எத்தனை நாள் பயணத் தொலைவு இருந்தது என்று பார்ப்பதே சரியான அளவுகோல் என்பது என் கருத்து.

தாய்நாட்டுக்கு அனுப்பியவர்களுக்கு லிடெல் குடும்பம் நல்ல எடுத்துக்காட்டு. 1902இல் தியென்ஜினில் பிறந்த எரிக் லிடெலும் அவருடைய அண்ணனும் 1908இல் லண்டன் பிளாக்ஹீத்தில், மிஷனரிகளின் மகன்களுக்கென்றே நடத்தப்பட்ட விடுதிப் பள்ளியில் சேர்க்கப்பட்டார்கள். எரிக்குக்கு அப்போது ஆறு வயது. அப்பா சீனாவில் பணிக்குத் திரும்பினார். பிள்ளைகள் வளர்ந்த ஆண்டுகளில் பெற்றோரைப் பெரும்பாலும் அவர்களுடைய விடுப்பின்போதுதான் பார்க்க முடிந்தது. படிப்பிலும் விளையாட்டிலும் இந்த வழிக்கு ஈடு இல்லை. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றவர் இதே எரிக்தான். என்றாலும், ஜெயித்த ஒருவரைக் காட்டி இந்த வழியை நியாயப்படுத்த முடியாது. மகனுக்குக் காய்ச்சல் என்று எழுதப்பட்ட கடிதம் சீனாவுக்குப் போய்ச் சேர்வதற்குள் காய்ச்சல் விட்டுப்போயிருக்கும். தாய் அதைப் படித்துவிட்டுக் கவலைப்படத் தொடங்குவார்.

இதற்கு மாற்றாகத்தான் ஹட்சன் டெய்லரின் சீன உள்நாட்டு மிஷன் 1881இல் ஷான்டொங் மாகாணத்துக் கடற்கரையில், இன்று யான்டாய் எனப்படும் சீஃபூவில், பிரிட்டிஷ் முறையில் ஒரு பள்ளியைத் தொடங்கியது. பெற்றோரும் பிள்ளையும் ஒரே நாட்டில் இருக்கலாம் என்பதே அதன் கவர்ச்சி. ஆனால் யுன்னான், கான்சு போன்ற தொலைதூர மாகாணங்களில் இருந்தவர்களுக்கு சீஃபூவும் ஏறக்குறைய அயல்நாடுதான். போய்வர வாரக்கணக்கில் ஆகும் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறைகூடப் பிள்ளையைப் பார்க்க முடியாதவர்கள் இருந்தார்கள். போர் வந்தபோது இந்த ஏற்பாட்டின் பலவீனம் முழுமையாக வெளிப்பட்டது. ஜப்பானியர் பள்ளியைக் கைப்பற்றி, மாணவர்களையும் ஆசிரியர்களையும் 1943இல் வெய்ஷியன் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். பெற்றோர் வேறு மாகாணத்தில் இருக்க, பல பிள்ளைகள் 1945 ஆகஸ்டு வரை அங்கே அடைபட்டுக் கிடந்தார்கள். அந்த முகாமில் அவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து விளையாட்டு நடத்தியவர், வளர்ந்தபின் தாமும் மிஷனரியாகச் சீனாவுக்குத் திரும்பி, அதே முகாமில் அடைக்கப்பட்டிருந்த எரிக் லிடெல். தம் மனைவியையும் இரண்டு மகள்களையும் 1941இல் கனடாவுக்கு அனுப்பியிருந்த அவர், அங்கே பிறந்த மூன்றாவது மகளைப் பார்க்காமலே 1945 பிப்ரவரியில் முகாமில் இறந்தார்.

விடுதிப் பள்ளியே தவறு என்று இதிலிருந்து முடிவுகட்ட வேண்டியதில்லை. 1901இல் கொடைக்கானலில் தொடங்கப்பட்ட மிஷனரிப் பள்ளிக்கு மதுரைப் பகுதி அமெரிக்கக் குடும்பங்கள் எளிதில் போய்வர முடிந்தது. கோடையில் பெற்றோரே மலையேறி வந்து பிள்ளைகளோடு தங்கினார்கள். அங்கே தொலைவு குறைவு என்பதால் அதே ஏற்பாடு பலித்தது.

வீட்டுக் கல்விக்கு, சீனாவின் ஜென்ஜியாங் நகரில் வாழ்ந்த அமெரிக்க மிஷனரிகளான சைடன்ஸ்ட்ரிக்கர் தம்பதியரைச் சொல்லலாம். அவர்களின் மகள்தான் 1938இல் இலக்கிய நோபல் பரிசு பெற்ற பேர்ல் பக். அம்மா ஆங்கிலவழிப் பாடங்களைக் கற்பித்தார். சீன ஆசிரியர் ஒருவர் செவ்வியல் சீனத்தைக் கற்பித்தார். பேச்சுமொழி அக்கம்பக்கத்துப் பிள்ளைகளிடமிருந்து தானாக வந்தது. குடியேறிய மண்ணில் வேர்விடுவதுதான் நோக்கம் என்றால் மற்ற இரண்டு வழிகளும் இதன் அருகில்கூட வரமுடியாது. அதற்கான விலையும் பெரிது. பிறந்த ஏழு பிள்ளைகளில் நால்வரை அந்தத் தம்பதியர் சிறு வயதிலேயே இழந்தார்கள். 1900இல் வெளிநாட்டவருக்கு எதிராக வெடித்த பாக்ஸர் கலவரத்தின்போது ஷாங்காய்க்கு ஓட வேண்டியிருந்தது. கல்லூரிப் படிப்புக்குப் பேர்லும் கடைசியில் அமெரிக்காவுக்கே போக வேண்டியிருந்தது.

என்னைக் கேட்டால், பன்னிரண்டு வயதுவரை வீட்டிலும், அதன் பிறகு இரண்டு நாள் பயணத்துக்குள் இருக்கும் விடுதியிலும் படிக்க வைப்பதே மேல் என்பேன். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: வீட்டில் பாடம் நடத்தும் பொறுப்பைப் பெரும்பாலும் தாயே சுமக்கிறார் என்பதால், அவர் செலவிடும் அந்த நேரத்தையும் ஊழியமாகவே கணக்கில் எடுத்துக்கொள்ள குடும்பத்தை ஊழியத்துக்கு அனுப்பும் மிஷன் சங்கம் முன்கூட்டியே சம்மதிக்க வேண்டும்.