காட்ரிட்ஜ் மாட்ட ஆள் கூப்பிடுகிறவர்கள் கவனத்துக்கு

காட்ரிட்ஜ் என்றால் ரெக்கார்டு பிளேயரில் ஊசியைத் தாங்கும் சின்னப் பெட்டி. அதை மாட்ட, ஊசியின் அழுத்தத்தை நிறுக்கும் தராசும் கோணம் சரிபார்க்கும் புரொட்ராக்டர் அட்டையும் இல்லாமல் வருகிறவரை உங்கள் டர்ன்டேபிளைத் தொட விடாதீர்கள். நான் விட்டேன்.

எங்கள் ஊர் திருவாவடுதுறைக்குப் பக்கம். அந்த ஊர் நாகஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளை 1956இல் போய்விட்டார், அப்பாவுக்கு அவரை ரெக்கார்டில்தான் தெரியும். அப்பா விட்டுப்போன நாகஸ்வர எல்.பி.கள் பதினெட்டு. அவற்றுக்காகவே ஆடியோ டெக்னிக்கா வி.எம்.95இ காட்ரிட்ஜ் வாங்கினேன். மாட்டித் தரக் கும்பகோணத்திலிருந்து ஒருவர் வந்தார். கூலி 2,000 ரூபாய்.

கையில் ஸ்க்ரூ டிரைவர் மட்டும்தான். பழையதைக் கழற்றினார், புதியதை மாட்டிக் கண்ணாலேயே நேராக்கினார். முதல் பாட்டு நன்றாகத்தான் இருந்தது. இருபது நிமிடத்தில் கிளம்பிவிட்டார்.

தட்டின் உள்பக்கம் போகப் போக நாகஸ்வரம் கரகரத்தது. போன் செய்தால், "பழைய ரெக்கார்டுன்னா அப்படித்தான் சார் இருக்கும்" என்றார். அதை நம்பி இரண்டு மாதம் ஒவ்வொரு தட்டாகப் போட்டுக் கேட்டேன். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அப்புறம் நகைக்கடையில் வேலை பார்க்கும் மச்சான் பொன் நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசைக் கொண்டுவந்தார். ஊசியை அதில் இறக்கினால் 3.6 கிராம். இந்தக் காட்ரிட்ஜுக்கு 2 கிராம்தான், மிஞ்சிப்போனால் 2.2. பழையதற்கு இரண்டரை கிராம் அழுத்தம் வைத்திருந்தோம், புதிய காட்ரிட்ஜ் பழைய காட்ரிட்ஜைவிட ஒரு கிராமுக்கு மேல் கனம். மாற்றியதும் டோன்ஆர்ம், அதாவது காட்ரிட்ஜைத் தாங்கும் கை, மட்டமாக மிதக்கும்வரை பின்னால் உள்ள எடையைத் திருப்பி, டயலைப் பூஜ்யத்தில் வைத்து, அங்கிருந்து 2க்கு வர வேண்டும். அவர் அந்த எடையைத் தொடவே இல்லை.

அட்டையை வைத்துப் பார்த்தால் அடுத்த கோளாறு. நடுக்குச்சியிலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. தூரத்தில் உள்ள இரண்டு புள்ளியிலும் ஊசி விழ வேண்டும், காட்ரிட்ஜ் அங்கே கோட்டுக்கு இணையாக நிற்க வேண்டும். எங்களுடையது கையின் நுனியில் காட்ரிட்ஜ் மாட்டும் ஹெட்ஷெல்லில் 4 மி.மீ. பின்தள்ளி இருந்தது. உள்பக்கம் சுற்று சிறியது, ஒலி நெருக்கமாகப் பதிந்திருக்கும், கோணம் தப்பினால் அங்கேதான் முதலில் காட்டிக்கொடுக்கும். முதல் பாட்டை மட்டும் போட்டுக் காட்டினால் நமக்கு எப்படித் தெரியும்? கடைசிப் பாட்டைப் போடச் சொல்லுங்கள்.

நாங்களே ஒரு மணி நேரத்தில் சரிசெய்தோம். பதினொரு தட்டு சுத்தமாகப் பாடுகிறது. மற்ற ஏழிலும் கடைசிப் பகுதியில் கரகரப்பு போகவில்லை, அந்த அழுத்தத்தில் தேய்ந்துவிட்டது போல. பணத்தைத் திருப்பிக் கேட்டேன், அவர் இப்போது போனை எடுப்பதில்லை.

மாயவரம், கும்பகோணம் பக்கம் யாருக்காவது அட்டை வேண்டுமென்றால் எழுதுங்கள். மச்சானிடம் தராசையும் வாங்கிக்கொண்டு நானே வருகிறேன்.