லிவர் இருந்தது, விளக்கும் எரிந்தது, முன்சக்கரம் மட்டும் சுற்றவில்லை

நான் படகு இன்ஜின் மெக்கானிக். ராமநாதபுரம் கடற்கரையில் பெரியபட்டினத்திலிருந்து மூக்கையூர் வரை ஒரு பக்கம், தேவிபட்டினத்திலிருந்து தொண்டி வரை இன்னொரு பக்கம். எங்கே இன்ஜின் நின்றாலும் போன் வரும், கிளம்பிவிடுவேன். 22 வருடமாக இதுதான் பிழைப்பு. இன்ஜின் இருமுவதைக் கேட்டே நாசில் கோளாறா பம்ப் கோளாறா என்று சொல்லிவிடுவேன் என்று சம்மாட்டிகள், அதாவது படகுச் சொந்தக்காரர்கள், பெருமையாகப் பேசுவார்கள். அப்படிப்பட்ட நான்தான் 6,40,000 ரூபாய் கொடுத்து, நாலு சக்கரமும் இழுக்கும் என்று சொல்லப்பட்ட ஒரு வேனை வாங்கி ஏமாந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே ஆட்கள் இதே மாதிரி இன்னொரு வண்டியை விற்கப் போட்டிருக்கிறார்கள் என்று போன வாரம் கேள்விப்பட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில், எனக்கு ஏன் அப்படி ஒரு வண்டி தேவைப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். அதுவரை பழைய ஆம்னியில்தான் சாமான்களை ஏற்றிப் போய்க்கொண்டிருந்தேன். உள்ளே முதுகை வளைத்துக்கொண்டே ஸ்பேனரைத் தேட வேண்டும். நிமிர்ந்து நிற்கிற உயரத்தில் கூரை, உள்ளே ஒரு மேசை, அதில் வைஸ், கிரைண்டர், மழை வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு பம்பைப் பிரித்துப் பார்க்கிற வசதி, இவ்வளவுதான் ஆசை. நாலு சக்கர இழுவை ஏன் என்றால், எங்கள் கரையில் தார் ரோடு முடிகிற இடத்துக்கும் வள்ளம் கிடக்கிற இடத்துக்கும் நடுவில் எப்போதும் அரை கிலோமீட்டர் இருக்கும். மன்னார் வளைகுடாப் பக்கம் அது மணல். பாக் நீரிணைப் பக்கம் சகதி. நடுவில் தரவை வந்தால் இன்னும் மோசம்: மேலே காய்ந்த உப்புப் பொருக்கு, கீழே களி. பார்த்தால் சிமெண்ட் தரை மாதிரி இருக்கும், ஏறினால் ஆக்சில் வரை இறங்கும்.

கடையில் போய் வாங்குகிற வண்டிகளையும் பார்த்தேன். உயரக் கூரை வேன் என்றால் நம்மூரில் எல்லாரும் சொல்வது ட்ராவலரும் விங்கரும்தான். ட்ராவலரில் இழுவை பின்சக்கரத்தில், விங்கரில் முன்சக்கரத்தில். பின்னால் அரை டன் சாமான் ஏற்றிக்கொண்டு மணலில் இறங்க முன்சக்கர இழுவை சரிப்படாது. பாரமெல்லாம் பின்னால் போய்விடும், இழுக்கிற சக்கரம் லேசாகிவிடும். ஜீப் மாதிரி வண்டியான கூர்க்காவில் நாலு சக்கர இழுவை உண்டு, இரண்டு ஆக்சிலிலும் டிஃபரன்ஷியல் லாக்கும் (இரு பக்கச் சக்கரமும் சேர்ந்தே சுற்றும்படி பூட்டுவது) உண்டு, ஆனால் உள்ளே நிற்க முடியாது. ஜப்பானில் ஹையேஸ், டெலிகா என்று நாலு சக்கரமும் இழுக்கிற வேன்கள் ஓடுகின்றன. ஜெர்மன்காரர்களிடம் ஸ்ப்ரின்டர் இருக்கிறது. அதையெல்லாம் யூடியூபில் பார்த்துப் பெருமூச்சு விடலாம்.

இந்த இடைவெளியில்தான் ஏமாற்றுக்காரன் கடை போடுகிறான். கடையில் கிடைக்காத பொருளை ஒருவன் வைத்திருக்கிறேன் என்றால், எப்படிக் கிடைத்தது என்று கேட்கத் தோன்றாது. கிடைத்ததே என்றுதான் தோன்றும்.

மார்ச் கடைசி வாரம் ராமநாதபுரத்து புரோக்கர் ஒருவர் போன் செய்தார். “அண்ணே, நீங்க கேட்ட மாதிரியே ஒண்ணு வந்திருக்கு. ஹை ரூஃப், போர் வீல், உள்ளே ஆறடி ஆளு நிமிந்து நிக்கலாம்” என்றார். மதுரைக்கு அந்தப் பக்கம், வண்டிகளைப் பிரித்து மாற்றிக் கட்டித்தருகிற ஒரு பட்டறை. பேர் சொல்ல மாட்டேன், விவகாரம் நடந்துகொண்டிருக்கிறது. எனக்கு அவசரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையேறிப் பராமரிப்புக்கு நிற்கும். என் வருட வருமானத்தில் பாதி அந்த இரண்டு மாதத்தில்தான் வரும். அதற்குள் வண்டி வேண்டும். அந்த அவசரம் புரோக்கருக்கும் தெரியும்.

போய்ப் பார்த்தேன். ஒன்பது வருட வண்டி, புதுசாகப் பெயின்ட் அடித்து நின்றது. கியருக்குப் பக்கத்தில் சிவப்புக் குமிழ் வைத்த இரண்டாவது லிவர். அதை இழுத்தால் டேஷ்போர்டில் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. பின்கதவில் ஃபோர் பை ஃபோர் என்று ஸ்டிக்கர். நான் ஸ்டிக்கரைப் பார்த்து மயங்குகிற ஆள் இல்லை. வேட்டியை மடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். இன்ஜின் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் இருந்தது. முன்பக்கம் போகிற ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் இருந்தது. முன் ஆக்சிலைப் பொதிந்த ஹவுசிங் இருந்தது. லிவரைப் போட்டு வண்டியை நாலடி நகர்த்தச் சொன்னேன். முன் ஷாஃப்ட் சுற்றுவதைக் கண்ணால் பார்த்தேன். இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஓட்டிப் பார்க்கலாம் என்றேன். அப்போது பட்டறைக்காரர் சொன்னது: “சார், போர் வீல் போட்டுத் தார் ரோட்டில் மட்டும் ஓட்டிடாதீங்க. திருப்பத்தில் முன்னும் பின்னும் வேற வேற வேகத்தில் சுத்தும், டிரான்ஸ்ஃபர் கேஸ் இறுகிப்போகும். மணல்ல மட்டும்தான் போடணும்.”

இது முழு உண்மை. முன்னையும் பின்னையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிஃபரன்ஷியல் நடுவில் இல்லாத, தேவைப்படும்போது மட்டும் போடுகிற நாலு சக்கர இழுவைக்கு இதுதான் விதி. தொழில் தெரிந்தவர் என்று நினைத்தேன். அந்த உண்மையைச் சொல்லித்தான் அவர் என்னைச் சோதிக்கவிடாமல் செய்தார் என்பது மூன்று மாதம் கழித்துத்தான் உறைத்தது. சுற்றிலும் தார் ரோடு, மணலுக்கு எங்கே போவது? பின்சக்கர இழுவையிலேயே பத்து கிலோமீட்டர் ஓட்டினேன். நன்றாகத்தான் ஓடியது. 50,000 அட்வான்ஸ். மூன்றாம் நாள் மீதிப் பணம். “உள்ளது உள்ளபடி” என்று ஒரு வரி இருந்த விற்பனைக் கடிதத்தில் கையெழுத்தும் போட்டேன்.

தடைக்காலம் முழுக்க வேலை துறைமுகத்திலும் மண்டபத்திலும். எல்லாம் கெட்டித் தரை, லிவரைத் தொடவே இல்லை. ஆனி பிறந்தது, மேற்கேயிருந்து அடிக்கிற கச்சான் காற்று எழும்பியது. மாரியூர்ப் பக்கம் ஒரு வள்ளத்தில் கியர்பாக்ஸ் தகராறு என்று கூப்பிட்டார்கள். கரைக்கு இருநூறடி முன்னால் மணல் இளக ஆரம்பித்தது. பெருமையாக லிவரை இழுத்தேன். விளக்கு எரிந்தது. அடுத்த இருபதடியில் பின்சக்கரம் இரண்டும் குழி தோண்டி உட்கார்ந்துவிட்டன. வெளியே நின்ற என் உதவியாள் பையன் கத்தினான்: “அண்ணே, முன்சக்கரம் சும்மா நிக்குது!”

சம்மாட்டியும் இன்னும் பதினைந்து பேரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு டிராக்டர் வந்து இழுத்துப்போட்டது. காசு வாங்க மாட்டேன் என்றார் டிராக்டர்காரர். அதுதான் இன்னும் அவமானமாக இருந்தது.

என் சித்தப்பா ஒருவர் 2017-க்கு முன்னால் தனுஷ்கோடி வேன் ஓட்டியவர். இப்போது அரிச்சல்முனை வரை தார் ரோட்டில் கார்கள் வழுக்கிக்கொண்டு போகின்றன. அந்த ரோடு போடுவதற்கு முன், முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டினால் மணலும் தண்ணீரும்தான். ஆட்களை ஏற்றிக்கொண்டு நாளைக்கு நாலு நடை அதில் போய் வருவார். வண்டியைப் பார்க்கக் கூப்பிட்டேன். அடியில் படுக்கவே இல்லை. “ஜாக்கி இருக்காடா?” என்றார். கையோடு லிவரைப் போட்டு, கியரில் விட்டு, இன்ஜினை அணைக்கச் சொன்னார். ஒரு முன்சக்கரத்தை மட்டும் தூக்கிக் கையால் சுற்றினார். காற்றாடி மாதிரி சுற்றியது.

நாலு சக்கர இழுவை உண்மையாகச் சேர்ந்திருந்தால் அந்தச் சக்கரம் அசையக் கூடாது. இன்னொரு முன்சக்கரம் தரையில் நிற்கிறது, ஷாஃப்ட் கியரில் பூட்டியிருக்கிறது, தூக்கிய சக்கரத்துக்கு எங்கே போக வழி? சின்ன ஆட்டம் இருக்கும், அவ்வளவுதான். ஐந்து நிமிட வேலை. இதை அந்தப் பட்டறையிலேயே செய்திருக்கலாம். தார் ரோடும் வேண்டாம், மணலும் வேண்டாம்.

சக்கரத்தின் நடுவிலிருக்கிற ஹப்பைத் திறந்தோம். ஆக்சில் சுற்றுவதைச் சக்கரத்துக்குக் கொடுக்கிற ஃபிளாஞ்சின் உள்பற்களை லேத்தில் கடைந்து வழுவழுப்பாக்கியிருந்தார்கள். ஷாஃப்ட் சுற்றும், ஆக்சிலும் சுற்றும், சக்கரத்துக்கு மட்டும் சேதி போகாது. ஏன் இப்படிச் செய்தார்கள் என்று யோசித்து முன் ஹவுசிங்கையும் பின் ஹவுசிங்கையும் பிரித்துப் பல் எண்ணினேன். பின்னால் பெரிய பல்சக்கரமான கிரௌனில் 41 பல், அதைச் சுற்றுகிற சின்னப் பினியனில் 8. முன்னால் கிரௌன் 41, பினியன் 9. ஏதோ ஒரு ஜீப்பின் முன் ஆக்சிலைக் காயலான் கடையில் எடுத்து மாட்டியிருக்கிறார்கள், பின்னோடு பல் கணக்கு ஒத்துப்போகவில்லை. அப்படியே ஓட்டினால் முன்னும் பின்னும் சண்டை போட்டு, நேர் ரோட்டிலேயே ஏதாவது உடைந்திருக்கும். சரியான ஆக்சிலைத் தேடுவதைவிடப் பல்லைக் கடைவது சுலபம். விளக்கோ, லிவருக்கு அடியில் இருந்த ஒரு சாதாரண சுவிட்சில் எரிந்தது.

இங்கே நான் ஒரு தப்பு செய்தேன். ஆத்திரத்தில் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் போட்டோ எடுத்தேன். பிரிப்பதற்கு முன், சக்கரம் சும்மா சுற்றுவதை வீடியோ எடுத்திருக்க வேண்டும். வெளியாள் ஒரு பொறியாளரை வைத்து எழுத்தில் அறிக்கை வாங்கியிருக்க வேண்டும். இப்போது “நீங்களே கடைந்திருக்கலாமே” என்று எதிர்த்தரப்பு கேட்கிறது. மெக்கானிக் வேறு, கேட்கத்தான் செய்வார்கள்.

போனில் பட்டறைக்காரர் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. “மணல்ல ஓட்டுவேன்னு நீங்க சொல்லவே இல்லையே சார்.” புரோக்கர் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

இரண்டாவது அடி ஆகஸ்டில் எஃப்.சி., அதாவது வண்டிக்கான தகுதிச் சான்று, எடுக்கப் போனபோது. எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. வேண்டும். ஆய்வாளர் வண்டியைச் சுற்றி வந்தார், கூரையைத் தட்டினார், எடைமேடைக்கு அனுப்பினார். ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) இருந்த வெற்று எடையைவிட வண்டி நானூறு கிலோ கூடுதல். கம்பெனிக் கூரையை அறுத்து மேலே ஃபைபர் கூடு ஏற்றியிருக்கிறார்கள், முன் ஆக்சில் மாற்றமும் ஆர்.சி.யில் ஏறவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. ஆய்வாளர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் சொன்னது சரிதான். வாங்கும்போது 200 ரூபாய் கொடுத்து எடைமேடையில் ஏற்றியிருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். இன்ஷூரன்ஸ்காரர்களுக்கும் சொல்லாத மாற்றம் இது. வழியில் விபத்து நடந்திருந்தால் இழப்பீடு கேட்டு அலைய வேண்டியதுதான்.

பெயின்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடிப்பக்கம் முழுக்கப் புதுக் கறுப்புப் பெயின்ட் இருந்தால் நம் கரைக்காரர்கள் சந்தேகப்பட வேண்டும். உப்புக் காற்றில் நின்ற வண்டியின் சேஸ் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். ஸ்க்ரூடிரைவரை வைத்துக் குத்திப் பார்த்தேன், இரண்டு இடத்தில் பெயின்டோடு பட்டியும் உதிர்ந்தது. துரு அதற்கு அடியில்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். தொழிலுக்கு வாங்கிய பொருள் என்றால் நுகர்வோர் இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். சுயதொழில் செய்து பிழைக்க வாங்கியிருந்தால் நுகர்வோர்தான் என்று சட்டத்திலேயே இருக்கிறது என்றார் வழக்கறிஞர். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், விற்றவன் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் ஆலோசனையும் சொல்கிறார்கள்.

இந்த வண்டியால் நான் கற்றுக்கொண்ட இன்னொன்று டயர் காற்று விஷயம். வண்டி வாங்குவதற்கு முன்பே அதை யாராவது சொல்லியிருந்தால் நாலு சக்கர இழுவையே கேட்டிருக்க மாட்டேன். முன் ஆக்சில் குப்பையைக் கழற்றி எறிந்து, கம்பெனி ஆக்சிலை மாட்ட 85,000 செலவானது. கூரைக்கு அனுமதி கேட்டு விண்ணப்பம் கிடக்கிறது. எஃப்.சி. கிடைக்கும்வரை வண்டி வீட்டு வாசலில்தான் நிற்கும், வேலைக்குப் பழைய ஆம்னியேதான். அதில் சித்தப்பா சொன்னதைச் செய்து பார்த்தேன்: மணலில் இறங்கும் முன் டயர் காற்றைப் பாதிக்கும் கொஞ்சம் கூடுதலாக மட்டும் வைத்துக்கொண்டு இறக்கிவிட வேண்டும். டயர் அகலமாகப் படிந்து மணல் மேலே ஓடுகிறது. போன வருடம் பயந்து திரும்பிய இடங்களுக்கெல்லாம் போய்விட்டேன். திரும்பி வந்ததும் சின்ன கம்ப்ரசரில் காற்றை ஏற்றிவிட வேண்டும், மறந்து தார் ரோட்டில் போனால் டயர் சூடாகிக் கிழியும். சீமைக்கருவேல் முள் கிடக்கிற பாதையில் காற்றை இறக்கவே கூடாது, டயரின் பக்கச்சுவர் பிதுங்கி முள் அங்கேதான் ஏறும். தேவிபட்டினம், காரங்காட்டுப் பக்கத்துச் சகதியில் காற்றை இறக்குவதும் பெரிதாக உதவாது, அங்கே வண்டியை ரோட்டில் விட்டுவிட்டு நடப்பதுதான் வழி.

உயரக் கூரையே வேண்டும் என்பவர்கள் அதன் மேல் கேரியர் மாட்டி ஸ்பேர் இன்ஜினை ஏற்றாதீர்கள். நான் ஒரு தடவை ஏற்றிக்கொண்டு பாம்பன் பாலத்தில் போனேன். பக்கவாட்டில் காற்று அடித்தபோது வண்டி ஒரு ஆள் தள்ளுகிற மாதிரி நகர்ந்தது. பின்சக்கரத்துக்கு அந்தப் பக்கம் பாடி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்றும் பாருங்கள். ரோட்டுக் கரையிலிருந்து மணலுக்கு இறங்கும்போது முதலில் இடிப்பது அந்த வால்தான்.

இப்போது விற்பனைக்கு வந்திருக்கிற வண்டியும் வெள்ளை நிறம், ஃபைபர் கூரை, அதே சிவப்புக் குமிழ் லிவர் என்று சொல்கிறார்கள். பார்க்கப் போகிறவர்கள் யாராவது இருந்தால், வெள்ளிக்கிழமைகளில் எனக்கு வேலை குறைவு, கூட வருகிறேன். ஜாக்கியை நானே எடுத்து வருகிறேன்.