பீட்டர் முயல் பெட்டி: 23 புத்தகத்தில் முயலுக்காக ஐந்து

பெட்டியாக வாங்குவதா, உதிரியாக வாங்குவதா என்று யோசிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பிள்ளைக்கு முயல் கதை மட்டும் போதும் என்றால் ஆங்கில எழுத்தாளர் பியாட்ரிக்ஸ் பாட்டரின் 23 புத்தகப் பெட்டி வேண்டாம். முதுகில் 1, 4, 10, 20 என்று எண் போட்ட நான்கும் போதும். 14ஐ இரண்டு வருஷம் கழித்து வாங்கிக்கொள்ளலாம். நான் முழுப் பெட்டியாகத்தான் எடுத்தேன். யு.கே.ஜி. படிக்கும் அண்ணன் மகனுக்கு என்று பெயர். ஆனால் படம் வரையச் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவள் நான்; பாதி எனக்காகவும்தான்.

ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். இந்த அளவுக்காகவே பாட்டர் பதிப்பாளர்களோடு மல்லுக்கட்டியிருக்கிறார். 1893இல் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்த ஐந்து வயதுப் பையனுக்குப் படம் போட்டு எழுதிய கடிதம்தான் 1ஆம் எண்ணில் வரும் பீட்டர் முயல் கதை. அதைப் புத்தகமாக்கப் போனபோது பல பதிப்பாளர்கள் கைவிரித்துவிட்டார்கள். சின்னக் கைக்கு அடங்க வேண்டும், விலையும் குறைவாக இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவர், 1901இல் சொந்தச் செலவில் 250 பிரதி அச்சடித்தார். மறு வருஷம் ஃபிரெடரிக் வார்ன் நிறுவனம் வண்ணப் படங்களோடு கொண்டுவந்தது. ஒரு பக்கம் நாலு வரி, எதிர்ப்பக்கம் படம். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையும் தானே பக்கம் புரட்டிக் கதை சொல்லிவிடும்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்த முயல் பஞ்சதந்திர முயல். சிங்கத்துக்குக் கிணற்றில் அதன் நிழலையே காட்டிக் குதிக்க வைத்தது, குளத்தில் ஆடும் நிலாவைக் காட்டி யானையைத் திருப்பி அனுப்பியது, எல்லாமே மூளைக்கார முயல்கள். பீட்டருக்கு அப்படி ஒரு தந்திரமும் தெரியாது. அப்பா போய் மாட்டிக்கொண்டு, தோட்டக்காரர் மெக்ரெகரின் மனைவி கையால் ‘பை’ என்ற இறைச்சிப் பலகாரமாகிப்போன அதே தோட்டத்துக்குள், அம்மா அத்தனை சொல்லியும் நுழைகிறான். வயிறு முட்டத் தின்கிறான். மாட்டிக்கொண்டதும் பயந்து ஓடுகிறான், வலையில் சிக்கி அழுகிறான். ஒளிந்த இடமும் தண்ணீர் இருக்கும் பூவாளி. அதற்குள்ளிருந்து தும்மி வேறு காட்டிக்கொடுத்துவிடுகிறான். வாசற்கதவு எங்கே என்று ஒரு கிழட்டு எலியிடம் கேட்டால், அதன் வாயில் பெரிய பட்டாணி; தலையை மட்டும் ஆட்டுகிறது. பீட்டர் மறுபடி அழ ஆரம்பிக்கிறான்.

“அத்தே, அந்தப் பட்டாணியக் கீழ வச்சுட்டு வழி சொன்னா என்னவாம்?” என்று அண்ணன் மகன் கொதித்த கொதிப்பைப் பார்க்க வேண்டும். சிங்கத்தை ஜெயித்த முயலுக்குக் கைதட்டுவான். இந்த முயலுக்காகச் சண்டைக்கே போகிறான். சினிமாவில் குறும்பு பண்ணும் பீட்டரைப் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு இந்தப் புத்தகத்துப் பயந்தாங்கொள்ளி கொஞ்சம் மந்தமாகத் தெரியலாம்.

படங்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நீலச் சட்டையும் செருப்பும் போட்டிருக்கும்வரை பீட்டர் இரண்டு காலில் நிற்கிறான். ஒரு செருப்பு முட்டைக்கோசுக்கு நடுவே, இன்னொன்று உருளைக்கிழங்குப் பாத்தியில் என்று தொலைத்ததும், நாலு காலில் இன்னும் வேகமாக ஓடுகிறான். சட்டையும் போனபின் படத்தில் இருப்பது அசல் முயல். பின்னங்கால் மடிப்பு, காது படிந்த விதம், எதிலும் பிசகில்லை. வளர்த்த முயலைப் பார்த்து வரைந்தவர் கை அது. வாட்டர்கலரின் மெல்லிய சாயலும் இந்தப் பதிப்பில் கெடாமல் வந்திருக்கிறது.

4ஆம் எண்ணில் பெஞ்சமின் வருகிறான். சோளக்கொல்லைப் பொம்மை மேல் தொங்கும் பீட்டரின் சட்டையை மீட்கப் போய், இரண்டு பேரும் கூடைக்கடியில் ஒளிய, அதன் மேல் பூனை ஏறி ஐந்து மணி நேரம் உட்கார்ந்துவிடுகிறது. காப்பாற்ற வரும் பெஞ்சமினின் அப்பா பூனையைப் பின்னியெடுத்த கையோடு மகனுக்கும் பிரம்படி போடுகிறார். அந்தப் பக்கம் சில பெற்றோருக்கு உறுத்தும். நான் அப்படியே படித்தேன்; இவன் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டான்.

10இல் பெஞ்சமின் பெரியவனாகி, பீட்டரின் தங்கை ஃபிளாப்ஸியையே கட்டிக்கொள்கிறான். அத்தை மகளா, சித்தி மகளா என்று கதை சொல்வதில்லை. நமக்கு முறை முக்கியமாயிற்றே, அத்தை மகள் என்றே வாசித்தேன். லெட்டூஸ் கீரை தின்று மயங்கித் தூங்கும் ஆறு குட்டிகளை மெக்ரெகர் சாக்கில் கட்ட, ஒரு சுண்டெலி மூலையைக் கடித்து விடுவிக்கிறது. சாக்கில் பதிலுக்கு அழுகிய காய்கள், ஒரு பழைய பாலிஷ் பிரஷ். முழுப் பெட்டியில் வாய்விட்டுச் சிரிக்க வைப்பது இதுதான்.

20 மிகச் சின்னது. பீட்டர் ரொம்ப நல்லவன், நிஜமாகவே கெட்ட முயல் வேண்டும் என்று பதிப்பாளர் வீட்டுச் சிறுமி கேட்டதற்காக எழுதியது. 1906இல் இது விசிறி மடிப்பாக நீளும் ஒரே தாளாக வந்தது. பிரித்துப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்று கடைக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. இப்போது சாதாரணப் புத்தகம்தான். அந்தப் பழைய வடிவில் மறுபடி போட்டால் உடனே வாங்குவேன்.

14இல் நரியும், வளை தோண்டி வாழும் பேட்ஜர் என்ற விலங்கும் நாயகர்கள். கடத்தப்பட்ட முயல்குட்டிகள் அடுப்புக்குள் அடைந்து கிடக்கின்றன. நீளமும் அதிகம், பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படம். இராத்திரி படிக்க எடுக்காதீர்கள்.

குறைகள் உண்டு. புத்தகங்கள் பெட்டிக்குள் இறுக்கமாக இருப்பதால் பிள்ளையால் தானாக உருவ முடியவில்லை; எங்கள் வீட்டில் பெட்டி பரணுக்குப் போய், புத்தகங்கள் அலமாரிக்கு வந்துவிட்டன. ஆன்லைனில் வந்த பெட்டிக்கு மூலையும் நசுங்கியிருந்தது. விலை அதிகம்தான்.

அதற்காக மலிவுப் பதிப்புக்குப் போகுமுன் ஒரு விஷயம். பாட்டர் இறந்தது 1943. இந்தியாவில் காப்புரிமை 2003 முடிவோடு தீர்ந்துவிட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். சிலவற்றில் படத்தை வேறு யாரோ புதிதாக வரைந்திருக்கிறார்கள், சிலவற்றில் அப்பா பலகாரமான வரியையே காணோம். கடையில் கையில் எடுத்தால் முதல் சில பக்கங்களைப் புரட்டி அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே வைத்துவிடுங்கள்.