ரேபிட்பிளான்: பழைய நோயாளிகளின் உடலமைப்பு புதியவருக்குக் கைகொடுக்கிறது

தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுத் திட்டம் போடும் மருத்துவ இயற்பியலாளர் நான். வேரியன் நிறுவனத்தின் எக்ளிப்ஸ் என்ற கதிர்வீச்சுத் திட்டமிடல் மென்பொருளோடு இயங்கும் ரேபிட்பிளானை மனதாரப் பரிந்துரைக்கிறேன்.

பரோடிட் உமிழ்நீர்ச் சுரப்பிகள் இரண்டுக்கும் சராசரி டோஸை 25 கிரேக்குள் (கிரே என்பது கதிர்வீச்சு டோஸின் அலகு) நிறுத்தத்தான் பார்ப்போம். கட்டி ஒரு பக்கச் சுரப்பியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் அது நடக்காது. சரி, அப்போது எவ்வளவு வரை குறைக்க முடியும்? அனுபவத்தை வைத்து ஊகிப்பதுதான் வழக்கம். ரேபிட்பிளானோ, சிகிச்சைப் பகுதியிலிருந்து சுரப்பி எத்தனை தூரம், எவ்வளவு உள்ளே மாட்டுகிறது என்று பார்த்து, பழைய திட்டங்களில் கற்றதை வைத்து, எட்டக்கூடிய டோஸை, சுரப்பியின் எத்தனை பங்குக்கு எவ்வளவு டோஸ் போகிறது என்று சொல்லும் வரைபடத்தில் ஒரு பட்டையாகக் காட்டுகிறது. நம் திட்டத்தின் கோடு பட்டைக்கு மேலே ஓடினால் இன்னும் குறைக்க இடமிருக்கிறது என்று அர்த்தம். கதிர்வீச்சில் உமிழ்நீர் வற்றி, வறண்ட வாயோடு ஒரு வாய் சோறு விழுங்கத் தவிப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சில கிரேயின் அருமை தெரியும்.

பழைய திட்டங்களிலிருந்து கற்று இப்படிக் கணிக்கும் மாடலை உருவாக்கக் குறைந்தது 20 திட்டங்கள் தேவை. தலை, கழுத்துக்கு அது பத்தவே பத்தாது, கூடுதலாகச் சேருங்கள். சுமாரான திட்டங்களைக் கொடுத்தால் சுமாரான இலக்கைத்தான் காட்டும். அப்புறம், மாடல் பார்த்திராத உடலமைப்பு வந்தால் பட்டையை நம்பாமல் நீங்களே இலக்கு வையுங்கள்.